ஆறு வளையமும் ஏழாவது ஆளும்

(சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் கூடிய தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தொழிலாளர் கூட்டத்தில் விளையாட்டுப் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். பொறுத்துக் கேளுங்கள்.

தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளின் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றோடொன்று கோத்த வளையங்கள். வளையம் ஒன்றுக்கு நாடு ஒன்று. தனி வளையத்தை எவரும் உருட்டிவிடலாம். கோத்த வளையத்தில் ஒன்றை இழுத்தால் எல்லாம் கூடவே வரும். ஒற்றுமைக்கு இதைவிடத் தெளிவான படம் உண்டா?

ஆனால் அந்தப் படத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. 1959-ல் பாங்காக்கில் முதல் போட்டி நடந்தபோது வளையங்கள் ஆறு. பர்மா, கம்போடியா, லாவோஸ், மலாயா, தாய்லாந்து, தென் வியட்நாம் ஆகிய நிறுவன நாடுகளுக்கு உரியவை அவை. அந்த ஆண்டு கம்போடியா கலந்துகொள்ளவில்லை. அதற்கு வளையம் இருந்தது. சிங்கப்பூர் வந்து ஆடியது. அதற்கு வளையம் இல்லை!

1961-ல் சிங்கப்பூர் முறைப்படி உறுப்பினரானது. வளையம் ஆறுதான். 1973-ல் போட்டியே சிங்கப்பூரில் நடந்தது. காலாங்கில் புதிதாய்த் திறந்த தேசிய விளையாட்டரங்கில், பெண்கள் 200 மீட்டர் ஓட்டத்தில் நம் கிளோரி பார்னபாஸ் தங்கம் வென்றார். அப்போதும் ஆறுதான். 1983, 1993 என்று மேலும் இருமுறை சிங்கப்பூர் விருந்தோம்பியது. ஆறுதான்.

1999-ல் புருணை போட்டியின்போதுதான் வளையம் பத்தாயிற்று. 1977-ல் சேர்ந்த இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், புருணையோடு சிங்கப்பூரும் இடம் பெற்றது. உறுப்பினராகி 38 ஆண்டுகள்! 2003-ல் சேர்ந்த கிழக்குத் தீமோருக்கு 2011-ல் பதினோராவது வளையம் கிடைத்தது. 2015-ல் சிங்கப்பூர் நான்காம் முறை போட்டியை நடத்தியபோது, தன் வளையமும் உள்ள சின்னத்தின் கீழ் நடத்தியது.

"வளையம் வெறும் கோடுதானே, ஓடுகிற கால் அதனால் தளருமா?" என்பார்கள். தளராது. பதக்கமும் குறையவில்லை. முதலில் நட்டவர்களை நினைவில் வைப்பதும் நியாயமே. ஆனாலும் சின்னம் என்பது ஒரு பெயர்ப் பதிவு. விடியலில் பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, பாலைக் கொண்டுவந்து ஊற்றியவர் பெயர் செக்ரோலில் இல்லையென்றால் சம்பள நாளில் அவர் நிலை என்ன? கிராணிமார்கள் அறிவார்கள்.

வளையம் இல்லையே என்று சிங்கப்பூர் வீரர்கள் ஓடாமல் இருக்கவில்லை. அது அவர்கள் பெருமை. எண்ணாமல் விட்டது எண்ணியவர்களின் குறை.

ஆகவே தோழர்களே, ஊர் திரும்பியதும் உங்கள் கிளைப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். நேற்று வந்து உங்களோடு வரிசையில் நிற்பவர் பெயர் ஏறியிருக்கிறதா? இல்லையென்றால் இன்றே ஏற்றுங்கள். அவரை 38 ஆண்டுகள் காக்க வைக்காதீர்கள்.