பட்டறைத் தமிழ்: பெயரும் வினையும்



முதலில் நாம் கூடியிருக்கும் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘பத்து’ என்பது மலாயில் கல். ‘காஜா’ என்பது யானை. அந்தக் ‘காஜா’வும் வடமொழியின் ‘கஜ’ என்னும் சொல்லிலிருந்து மலாய்க்குச் சென்றதே. இரு மொழிச் சொற்களால் ஆன இப்பெயரோடு உருபு சேர்த்து, ‘பத்து காஜாவுக்கு’, ‘பத்து காஜாவிலிருந்து’ என்று நாள்தோறும் பேசுகிறோம். தமிழ் கெட்டுவிட்டது என்று எவரும் வருந்துவதில்லை.

ஆனால், கார்ப் பட்டறையில் வேலை செய்யும் நம் இளைஞர்களின் பேச்சைக் கேட்டு வருந்துவோர் உண்டு. தம் பழைய மாணவர்களின் பேச்சில் தமிழே இல்லை என்று ஆசிரியர் ஒருவர் என்னிடம் குறைபட்டார். அதனைச் சோதித்தறியும் எண்ணத்தில், ஜப்பானியக் கார்களைத் தாழ்த்தி, அகன்ற சக்கரம் பூட்டும் ஒரு பட்டறையில் ஒரு பிற்பகல் முழுவதும் அமர்ந்து செவிமடுத்தேன். அங்குக் கேட்டதே இன்றைய உரையின் பொருள்.

இத்தொழில் இங்கே வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. 1985இல் வெளிவந்த புரோட்டோன் சாகா, மிட்சுபிஷி லான்சரை அடியொற்றியது. 1994இல் வந்த பெரோடுவா கஞ்சில், டைஹாட்சு மீராவை அடியொற்றியது. நம் நாட்டுக் காருக்குள் ஜப்பானிய எலும்புக்கூடு இருந்தமையால், ஜப்பானிய உதிரிப்பாகங்கள் அவற்றில் எளிதாகப் பொருந்தின. ஜப்பானில் ஓடி முடித்த கார்களைப் பாதியாக வெட்டி ‘ஹாப் கட்’ என்ற பெயரில் இறக்குமதி செய்தனர். புதிய விளையாட்டுக் கார் வாங்க வசதியற்ற இளைஞனுக்கு அந்தப் பாதிக் கார் கனவின் வாயிலாயிற்று. தோட்டத்தை விட்டு நகர்ப்புறம் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் சிலருக்கு அதுவே பிழைப்பும் ஆயிற்று.

இனி, அவர்கள் பேச்சைப் பார்ப்போம். ரிம், டயர், டர்போ, கேம்பர், அப்சோர்பர் எனப் பெயர்கள் யாவும் அயற்சொற்கள். ஆனால் அவற்றோடு இரண்டாம் வேற்றுமை உருபு சேரும்போது ‘ரிம்மை’, ‘டயரை’, ‘டர்போவை’ என்கின்றனர். ‘ரிம்’ என்பதில் மட்டும் மெய் இரட்டுவது ஏன்? தனிக்குறிலை அடுத்த மெய், உயிர் வரும்போது இரட்டிக்கும் என்பது நன்னூல் கூறும் விதி. ‘டயர்’ தனிக்குறிலை அடுத்து முடியாததால் இரட்டவில்லை. ‘டர்போ’வில் வகர உடம்படுமெய் தோன்றுகிறது. நன்னூலைக் கண்ணால் காணாத இளைஞன் அதன் விதியைப் பிழையின்றிப் பின்பற்றுகிறான்.

வினையிலோ தமிழ் இன்னும் கண்டிப்பாக இருக்கிறது. என்ஜினை மாற்றுவதை ‘ஸ்வாப் பண்ணினேன்’ என்பர். ‘ஸ்வாப்பினேன்’ என்று எவரும் சொல்வதில்லை. அயல்வினை, ‘பண்ணு’ என்னும் தமிழ் வினையைத் துணைக்கொண்டே காலம் காட்டுகிறது. அன்றாடச் செயல்களோ முற்றிலும் தமிழ்: ஸ்பிரிங்கை வெட்டுகிறார்கள், காரை இறக்குகிறார்கள், சக்கரத்தைச் சாய்க்கிறார்கள்.

இது புதிய வழக்கமும் அன்று. நம் பாட்டன்மார் ‘கெத்தா’ என்னும் மலாய்ச் சொல்லைக் ‘கித்தா’ என ஏற்றனர்; ஆனால், அதில் அவர்கள் செய்த வேலை ‘பால் வெட்டுதல்’. பெயர் மலாய், வினை தமிழ். பால் வெட்டியவரின் பேரன் ஸ்பிரிங் வெட்டும்போதும் அதே இலக்கணம் தொடர்கிறது. திசைச்சொல்லுக்கு இடமளித்த தொல்காப்பியர் மரபுக்கு இது மாறானதன்று.

ஜப்பானியரும் இவ்வாறே செய்தனர். தாழ்ந்த காரை அவர்கள் ‘ஷகொதன்’ என்பர்: வண்டி, உயரம், குறைவு என்னும் மூன்று கூறுகளின் தொகை அது. சக்கரத்தின் மேற்பகுதி அளவுக்கு மீறி உட்சாய்ந்திருப்பது ‘ஒனிக்யான்’. ‘ஒனி’ என்றால் பேய். ‘க்யான்’ என்பது ‘கேம்பர்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். மிகுதியைக் குறிக்க நாமும் பேய்மழை, பேய்க்காற்று என்கிறோம் அல்லவா? எனவே ‘பேய்ச்சாய்வு’ என்று நான் சொன்னபோது பட்டறையில் எவரும் விளக்கம் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டனர்.

ஆயின், என் கவலை சொற்களைப் பற்றியதன்று. ஸ்பிரிங்கை வெட்டினால் என்ன ஆகும் என்று ஓர் இளைஞரிடம் கேட்டேன். ‘கார் இறங்கும்’ என்றார். வேறென்ன என்றேன். அதுவரை தங்குதடையின்றிப் பேசியவர் தயங்கினார். விடை அவருக்குத் தெரியும். அதனைத் தமிழில் அடுக்கிச் சொல்லும் பழக்கம் இல்லை.

அந்த விடை கடினமானதன்று. சுருள்களின் எண்ணிக்கை குறையக் குறைய ஸ்பிரிங்கின் விறைப்பு கூடும். எஞ்சிய ஒவ்வொரு சுருளும் அதே சுமைக்கு முன்போலவே வளையும், ஆனால் வளையும் சுருள்கள் குறைந்துவிட்டன. பள்ளத்தில் சக்கரம் கீழிறங்கும்போது, குட்டையான ஸ்பிரிங் தன் இருக்கையிலிருந்து நழுவவும் கூடும். பேய்ச்சாய்வில் டயரின் உள்விளிம்பு மட்டுமே சாலையைத் தொடும், பிடிப்புக் குறையும், மழைநாளில் பிரேக் பிடித்தாலும் கார் நிற்கத் தாமதிக்கும். இவற்றைச் சொல்லத் தமிழில் எச்சொல்லுக்குப் பஞ்சம்? ‘ஆகையால்’, ‘அதனால்’, ‘எனினும்’ என்று காரணத்தோடு விளைவை இணைக்கும் வாக்கியப் பயிற்சிதான் குறைவு.

நம் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அறிவியலில் காரணங்கள் ஆழப்படும் வயதில் பிள்ளை வேறு மொழிக்குச் சென்றுவிடுகிறான். அதன்பின் அவன் தமிழில் வேலை சொல்கிறான், கிண்டல் செய்கிறான், சண்டை போடுகிறான், விளக்குவதில்லை. விளக்கும் வேலையை இழந்த மொழி வீட்டுக்குள் ஒடுங்கிவிடும். இங்கோ, விளக்கம் இல்லாமையால் ஓர் உயிரும் போகக்கூடும்.

ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. இடைநிலைப்பள்ளித் தமிழ் வகுப்பில் ‘தாழ்த்திய காரின் நன்மை தீமைகள்’ என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்லுங்கள். ‘ரிம்’ என்று எழுதினால் சிவப்பு மையால் கோடிடாதீர்கள். ‘ஏன்?’ என்ற கேள்விக்கு விடை இல்லாத பத்தியின் கீழ்க் கோடிடுங்கள். மாணவர்களே, உங்கள் அண்ணன்மார் வேலை செய்யும் பட்டறைக்குச் சென்று, அவர்கள் செய்வதன் காரணத்தைத் தமிழில் கேளுங்கள். அவர்கள் தயங்கினால் காத்திருங்கள். அத்தயக்கத்தைக் கடந்து வரும் முதல் வாக்கியம் தமிழுக்கு ஓர் ஆக்கம்.