பென்சிலுக்குள் ஒரு புதையல்



எழுதப் பழகிய நாட்களில் உங்களில் பலர் பென்சில் பிடித்திருப்பீர்கள். அதன் நடுவே உள்ள கறுப்புக் குச்சி எதனால் ஆனது? கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து செய்தது அது. கிராஃபைட் என்பது கார்பன். அடுப்புக் கரியில் இருப்பதும் பெரும்பாலும் கார்பன்தான். விலை உயர்ந்த வைரமும் கார்பன்தான்!

அப்படியானால் வைரம் ஏன் கடினமாக இருக்கிறது? பென்சில் குச்சி ஏன் தேய்கிறது? அணுக்கள் சேர்ந்திருக்கும் விதமே காரணம். அணு என்பது கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய துகள். எல்லாப் பொருள்களும் அணுக்களால் ஆனவை.

கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் தேன்கூட்டின் அறைகள் போலச் சேர்ந்து தாள் தாளாக இருக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் கனத்தில் சுமார் 30 லட்சம் தாள்கள் உண்டு. எழுதும்போது இவை வழுக்கிப் பிரிந்து காகிதத்தில் ஒட்டுகின்றன. அதுதான் பென்சில் எழுத்து.

இதில் ஒரே ஒரு தாளைத் தனியாக எடுக்க முடியுமா? இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்திரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் என்ற இருவர் முயன்றார்கள். கிராஃபைட் மேல் சாதாரண ஒட்டு டேப்பை ஒட்டி உரித்தார்கள். டேப்பில் வந்ததை மறுபடியும் ஒட்டி உரித்தார்கள். இப்படியே பலமுறை செய்தார்கள். கடைசியில் ஓர் அணு கனமே உள்ள தாள் கிடைத்தது! அதன் பெயர் கிராஃபீன். 2004-இல் இதை உலகுக்கு அறிவித்தார்கள். 2010-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கிராஃபீனில் மின்சாரம் மிக எளிதாக ஓடும். ஆனால் கம்ப்யூட்டருக்கு அது மட்டும் போதாது. வேண்டும்போது மின்சாரம் நிற்கவும் வேண்டும். கிராஃபீனோ சரியாக மூட முடியாத தண்ணீர்க் குழாய் போன்றது.

இந்தத் தாளைப் பாய் போலச் சுருட்டினால் எப்படி இருக்கும்? அப்படி அமைந்ததே கார்பன் நுண்குழல். இதை 1991-இல் ஜப்பானின் சுமியோ ஈஜிமா விளக்கிக் காட்டினார். சில வகை நுண்குழல்களில் மின்சாரத்தை ஓடவிடலாம், நிறுத்தலாம். 1998-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரே ஒரு நுண்குழலைக் கொண்டு மின் சுவிட்ச் செய்தார்கள். 2019-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் நுண்குழல்களால் ஆன 14,000-க்கும் மேற்பட்ட சுவிட்சுகளை ஒரே சில்லில் அமைத்தார்கள். ஆனாலும் கடையில் விற்கும் கம்ப்யூட்டர்களின் சில்லுகள் இன்றும் சிலிக்கனால் ஆனவையே.

இதில் எச்சரிக்கையும் தேவை. நுண்குழல் தூள் மிக இலேசானது. காற்றில் பறந்து மூச்சோடு நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு வகை நுண்குழல் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2014-இல் வகைப்படுத்தியது. பென்சிலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நுண்குழல் தூளைக் கையாளும் தொழிலாளிக்குத்தான் ஆபத்து. அவருக்கு மூச்சுக் கவசம் வேண்டும். தூளை இழுத்து வெளியேற்றும் வசதியும் வேண்டும்.

தொழிற்சாலையில் மூட்டையின் மேலும் டப்பாவின் மேலும் எச்சரிக்கை எழுதியிருக்கலாம். வேலையைத் தொடங்கும் முன் அதைப் படியுங்கள். புரியாவிட்டால் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பென்சில் பிடித்துக் கற்ற எழுத்து உங்கள் உயிரையும் காக்கும்.