மின்னற் கள்வனும் இளம் வாசகரும்
(சங்க வாசிப்பு வட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இளைஞர் கையிலுள்ள கதைப் புத்தகத்தைப் பறித்து வைப்பது பெரியோர்க்கு எளிது; அதை ஏன் விரும்பினாய் என்று கேட்டறிவது அரிது. அந்த அரிய செயலை ஒரு புத்தகத்தைக் கொண்டு இன்று செய்து பார்ப்போம். அமெரிக்க எழுத்தாளர் றிக் றியோர்டன் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட "மின்னற் கள்வன்" என்னும் நாவலே அது. பேர்சி ஜாக்சன் வரிசையின் முதற் புத்தகமாகிய இது, 2010இல் திரைப்படமாகவும் 2023இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது.

பேர்சி 12 வயதுச் சிறுவன். ஆறு ஆண்டுகளில் ஆறு பாடசாலை கண்டவன். புத்தகத்தைத் திறந்தால் எழுத்துக்கள் மிதக்கும். ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. குழப்படிகாரன் என்பதே அவன் பெற்ற பெயர். தன் தந்தை கிரேக்கரின் கடற்றெய்வமாகிய பொசைடன் என்று ஒருநாள் அறிகிறான். சியூஸ் தேவனின் மின்னலாயுதம் களவுபோக, பழி இவன்மேல் விழுகிறது. அதை மீட்க நியூயோர்க்கிலிருந்து லொஸ் ஏஞ்சலிசிலுள்ள பாதாள வாயில்வரை போகிறான்.

இதில் இளைஞரைக் கவர்வது யாது? பழங்கதை நம் காலத் தெருவில் நடமாடுவது ஒன்று. 102 மாடி கொண்ட எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 600ஆவது மாடியில் தேவர் வாழ்கின்றனர். மெடூசா வீதியோரத்தில் கற்சிலை விற்கிறாள். பேர்சியே குறும்போடு கதை சொல்லுவது இன்னொன்று. இவற்றினும் பெரியது, குறையென்று இகழப்பட்டது நிறையாக மாறுவது. எழுத்து மிதப்பதற்குக் காரணம், அவன் மூளை பழைய கிரேக்க மொழிக்கென அமைந்தமையாம். இருப்புக் கொள்ளாமை போர்வீரனின் விழிப்பாம். பள்ளி ஆசிரியராயிருந்த றியோர்டன், வாசிப்பில் இடர்ப்பட்ட தம் மகனுக்கு முதலிற் சொன்ன கதை இது. வகுப்பிற் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை தன்னையே இதிற் காண்பதில் வியப்பில்லை.

ஆயினும் இரண்டு கேள்விகளை எழுப்பாமல் விடலாகாது. மெய்வாழ்வில் அத்தகைய பிள்ளைக்கு வேண்டியது தேவத் தந்தையன்று. பொறுமையோடு கற்பிக்கும் ஆசிரியர். மேலும், மேற்குலக நாகரிகத்தின் நடுவிடம் இன்று அமெரிக்கா. ஆதலால் தேவரும் அங்கே குடிபெயர்ந்தனர் என்கிறது கதை. அமெரிக்காவுக்கு வெளியேயிருந்து வாசிப்போர் இதை எண்ணிப் பார்த்தே ஏற்கவேண்டும். றியோர்டனின் பெயராலமைந்த பதிப்பு வரிசையில் பிற நாட்டுப் புராணங்களுக்கும் பின்னர் இடம் கிடைத்தது. 2018இல் அதில் முதலாவதாக வந்த றொஷானி சோக்ஷியின் அரு ஷா கதையிலே பாண்டவர் சிறுமியராய் மறுபிறவி எடுக்கின்றனர்.

பிறப்பால் வந்த வல்லமைதான் கதையின் பெருமை என்றால் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பாதாளத்திலே பேர்சியிடம் இருப்பவை மீண்டுவர உதவும் மூன்று முத்துக்கள், ஆட்களோ நால்வர். அவன் வந்ததே தாயை மீட்க. தோழர் இருவரும் தாம் தங்குவதாக முன்வருகின்றனர். அவர்களைக் கைவிட மனமின்றி, திரும்பி வருவேன் என்று தாயிடம் சொல்லி அவளை விட்டுப் புறப்படுகிறான். கடற்றெய்வத்தின் இரத்தம் அந்த முடிவை எடுத்துக் கொடுக்கவில்லை, அவனே எடுக்கிறான். இன்னொரு தேவனின் மகனாகிய லூக்கோ தந்தைமீது கொண்ட கசப்பினால் தோழனுக்கே துரோகியாகிறான். பிறப்பு இருவர்க்கும் ஒத்தது, தெரிவே வேறு. இப்புத்தகத்தின் தகுதியை நான் இங்கேதான் காண்கிறேன்.

பெரியோர்களே, பிள்ளை வாசித்து முடித்ததும் புத்தகத்தை வாங்கி நீங்களும் வாசியுங்கள்; பேர்சி செய்தது சரியா என்று கேளுங்கள். இளைஞர்களே, இத்துடன் நின்றுவிடாதீர்கள். ஹோமரின் காவியங்களுக்கும் வியாசரின் பாரதத்துக்கும் இது ஒரு வாயிற்படி. படியில் இளைப்பாறலாம், குடியிருக்கலாகாது.