காவலன் முதுகில் ஒட்டிய சீட்டு

(வாலாசாபாத் உரை)



திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்கூடங்களில் தேறாத உறுப்பொன்றைக் கண்டால் சிவப்புச் சீட்டு ஒட்டி ஒதுக்குவர். மாந்தரின் உயிரணுவினுள்ளும் நிகழ்வது அதுவே. பழுதுற்ற புரதமும் பணிமுடிந்த புரதமும் அங்குச் சீட்டுப் பெற்று அழிகின்றன. அச்சீட்டும் ஒரு சிறு புரதமே. 76 அமினோக் காடிகளின் கோவை. 'எங்கும் உள்ளது' என்னும் பொருளில் மேலையர் அதனை உபிகுவிட்டின் என்றனர். எங்குமி எனத் தமிழிற் சொன்னால் நாவும் நோகாது.

முதல் நொதி ஆற்றலைச் செலவிட்டு எங்குமியை முடுக்கும். இரண்டாம் நொதி ஏந்திச் செல்லும். அழிய வேண்டிய புரதம் இன்னதெனத் தெரிந்து ஒட்டுவிப்பது மூன்றாம் நொதி. மாந்த உடலில் முதல் வகையில் இரண்டே உள்ளன; மூன்றாம் வகையிலோ 600க்கு மேல்! ஆளறியும் பணிக்கு அத்துணை ஆள் வேண்டும் அன்றோ? எங்குமிகள் தொடராக ஏறியபின், சிதைகலம் அப்புரதத்தை உள்ளிழுத்துத் துணிக்கும். எங்குமிகள் கழன்று மறுபணிக்கு மீளும். இதனைக் கண்டுரைத்த சீக்கனோவர், எர்சுகோ, ரோசு ஆகிய மூவரும் 2004இல் வேதியல் நோபல் பரிசு பெற்றனர்.

பெண்டிர் செவிகொடுக்க வேண்டியது இனித்தான். பி-53 என்னும் புரதம் உயிரணுவின் காவலன். மரபுப்பொருள் சிதைந்த அணுவைப் பிளவுறாது நிறுத்துவான். திருந்தாதெனின் மாய்த்தும் விடுவான். கருப்பைவாய்ப் புற்றை விளைக்கும் எச்.பி.வி. என்னும் நச்சுயிரி அவனோடு நேரிற் பொருவதில்லை. ஈ-6 என்னும் தன் புரதத்தை ஏவி, உயிரணுவின் சொந்த மூன்றாம் நொதி ஒன்றையே கைக்குள் போட்டுக்கொண்டு, காவலன் முதுகில் அழிவுச் சீட்டை ஒட்டுவிக்கின்றது. காவலன் குப்பையாகிறான், சிதைந்த அணு தடையின்றிப் பெருகுகிறது. எத்துணைக் கரவு!

ஆயினும் இது ஓரிரவில் முடிவதன்று. பெரும்பாலான தொற்றுகள் ஈராண்டுக்குள் தாமே அகலும். அகலாது தங்குபவற்றுட் சிலவே, பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் புற்றாகும். அவ்விடைவெளியில் புளிக்காடி நீர் தடவிப் பார்க்கும் எளிய ஆய்வே மாற்றத்தைக் காட்டிவிடும்; 30 அகவை கடந்த பெண்டிர்க்கு அரசு மருத்துவமனைகளில் அது செய்யப்படுகிறது. சிறுமியர்க்கோ தொற்றையே தடுக்கும் ஊசி உண்டு. புனேயில் உருவானது 2023 முதல் கிடைக்கிறது. ஊசி போட்டோரும் ஆய்வை விடலாகாது.

நாணமும் விடுப்பின்மையுமே இங்குப் பெண்டிரை நிறுத்துகின்றன. இரவுப்பணி முடித்து வருவோர் ஒரு காலைப்பொழுதை இதற்கு ஒதுக்குக. கணவன்மாரும் மாமியாரும் உடன் செல்க. காஞ்சி காரைப்பேட்டையில் அண்ணா பெயரால் நிற்கும் புற்றுநோய் மருத்துவமனை வாலாசாபாத்திற்கு அண்மையதே. வலி வந்தபின்தான் அங்குப் போக வேண்டும் என்பதில்லை.