டிரங்குப் பெட்டிக்குள் ஓய்வூதியம்

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா, நூல்களோடு அழைப்பிதழ், நோட்டீசு, கடிதம்கூட விடாமல் சேர்த்தார். அந்தச் சேகரிப்பை வைத்தே 1994இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது.

கொத்தமங்கலத்தில் என் அப்பாவும் எதையும் கிழித்துப்போட மாட்டார். ஆனால் எல்லாம் ஒரே டிரங்குப் பெட்டியில். அவர் இறந்ததும் அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்குக் கொடுப்பாணை தேவைப்பட்டது. மூன்று நாள் தேடினோம். மொய் நோட்டு வந்தது. மின்கட்டண ரசீதுகள் வந்தன. என் ஆறாம் வகுப்பு மதிப்பெண் அட்டை வந்தது (அதை அவர் வைத்திருந்ததே எனக்குத் தெரியாது). ஆணை, யாரோ ஒருவரின் கல்யாணப் பத்திரிகைக்குள் இருந்தது.

இப்போது தபால் வந்த அன்றே பிரித்துவிடுகிறேன். பத்திரம், சான்றிதழ், ரசீது தனித்தனிக் கோப்பு. உங்கள் பணிப்பதிவேட்டு நகல் இருக்குமிடம் வீட்டில் யாருக்குத் தெரியும்? அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் கோப்புகளுக்கு நிறம் வைத்தேன். சிவப்பு எது என்று கேட்டால், “உங்கப்பா பென்சன்” என்கிறார்.