காட்டுக்குக் கையெழுத்து கேட்டேன், தீயைப் பத்தி கேட்டாங்க

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த வாரம் ரெக்கார்டிங் சென்னையில இல்ல, கீழச்சிவல்பட்டியில. அப்பத்தா வீடு. நடுவுல ஃபேன் சத்தம் கேட்டா மன்னிச்சிடுங்க, அதை நிறுத்திட்டுப் பேசுற தைரியம் எனக்கு இல்ல. வெயில் அப்படி.

நான் சாஞ்சு உக்காந்திருக்கிற தூண் பர்மா தேக்கு. செட்டிநாட்டு வீடுகளுக்கு பர்மாவுல இருந்து கப்பல்ல மரம் வந்த கதை உங்கள்ல பலருக்குத் தெரிஞ்சிருக்கும். அதாவது, எங்கயோ வெட்டின ஒரு காட்டுமேல சாஞ்சுகிட்டுதான் இன்னைக்குக் காட்டைக் காப்பாத்துறதைப் பத்திப் பேசப் போறேன். அந்தக் கூச்சத்தோடவே ஆரம்பிக்கிறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி நானும் காலேஜ் நண்பர்கள் சிலரும் போடி பக்கம் மலையடிவாரத்துல ஒரு ஊருக்குப் போனோம். மலைக்காட்டுக்கு இன்னும் கடுமையான பாதுகாப்பு வேணும்னு கையெழுத்து வாங்குறதுக்காக. லேப்டாப்ல ஸ்லைடு, கையில பிரிண்ட் எடுத்த மனு. டீக்கடை பெஞ்சுல மாடு மேய்க்கிற ஒரு பெரியவர் மனுவை முழுசா படிச்சாரு. படிச்சிட்டுக் கேட்டாரு:

"தம்பி, நீங்க சொல்ற மாதிரி காட்டைப் பூட்டியாச்சுன்னு வைங்க. புல்லை யாரு மேய்க்கிறது? மாசி, பங்குனியில ஆள் உயரத்துக்குக் காஞ்சு நிக்கும். ஒரு பீடித்துண்டு போதும். தீ கீழ எறங்குனா முதல்ல என் தொழுவத்துக்குத்தான் வரும். உங்க ஆபீசுக்கா வரும்?"

நான் உடனே ஸ்லைடுல இருந்த பதிலைச் சொன்னேன். "காட்டுத் தீக்குக் காரணமே பெரும்பாலும் மனுஷங்கதான் ஐயா." அவர் எதுவும் பேசல. மனுவை நாலா மடிச்சு என் கையிலயே திருப்பிக் கொடுத்துட்டாரு. அன்னைக்கு அந்த ஊர்ல எங்களுக்கு ஒரு கையெழுத்துகூடக் கிடைக்கல.

நான் சொன்னது தப்பில்லதான். நம்ம மலைகள்ல இடி, மின்னலால பிடிக்கிற தீ ரொம்பக் குறைவு. ஆனா அது அவர் கேட்ட கேள்விக்குப் பதிலே இல்ல. அவர் பயத்தைச் சொன்னாரு, நான் அவரையே குற்றவாளியாக்கிட்டேன்.

அவர் பயம் எங்க இருந்து வருதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. குரங்கணி. நான் அப்போ இன்ஜினியரிங் படிச்சிட்டிருந்தேன். கொழுக்குமலை போயிட்டு இறங்கின மலையேற்றக் குழுக்கள் காஞ்ச புல்லுக்கு நடுவுல தீயில மாட்டிக்கிட்டாங்க. சம்பவ இடத்துலயும் அப்புறம் ஆஸ்பத்திரியிலயுமா 23 பேர் இறந்தாங்க. சென்னை, ஈரோடு, திருப்பூர்ல இருந்து போனவங்க. ஐ.டி. வேலையில இருந்தவங்களும் அதுல உண்டு. நம்ம மாதிரி வார நாள் முழுக்க ஸ்கிரீனைப் பாத்துட்டு, சனி ஞாயிறுல மலைக்கு ஏங்குறவங்க. ஹெலிகாப்டர் வர்றதுக்கு முன்னாடியே மேல ஏறிக் காயம்பட்டவங்களைத் தூக்கிட்டு வந்ததுல அந்த ஊர்க்காரங்க இருந்தாங்க. நமக்கு அது ஒரு பழைய செய்தி. அவங்களுக்கு வருஷா வருஷம் மாசியில திரும்பி வர்ற ஞாபகம்.

அதுக்கு மேல சட்டம் வேற. 2021-ல ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் வந்துச்சு, தமிழ்நாட்டோட அஞ்சாவது புலிகள் காப்பகம். நல்ல செய்தி, நான் ஸ்டேட்டஸ் எல்லாம் வச்சேன். 2022 மார்ச்ல சென்னை உயர் நீதிமன்றம் காடுகள்ல கால்நடை மேய்க்கத் தடை போட்டுச்சு. முதல்ல எல்லாக் காட்டுக்கும்னு வந்த உத்தரவு, அப்புறம் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம்னு சுருங்குச்சு. தேனிப் பக்கம் மலைமாடு வளர்க்கிறவங்களுக்கு அது வயித்துல அடிச்ச மாதிரி. 'பாதுகாப்பு'ங்கிற வார்த்தை நமக்கு ஒரு மாதிரி கேக்குது, அவங்களுக்கு வேற மாதிரி கேக்குது.

சரி, மாடு மேய்ஞ்சா தீ குறையும்னு பெரியவர் சொல்றது உண்மையா? பாதி உண்மை. தீ நடக்கறதுக்கு மூணு வேணும்: எரியிற பொருள், காத்து, ஒரு பொறி. காஞ்ச புல்லும் சருகும்தான் முதல் விஷயம். மேய்ச்சலால புல்லோட அளவு குறையும், அந்த அளவுக்குத் தீயோட வேகமும் குறையும். மீதிப் பாதியையும் சொல்லணும். புதுப் புல் துளிர்க்கட்டும்னு மேய்க்கிறவங்களே தீ வைக்கிறதும் நடக்குது. மாடு புல்லை மட்டும் தின்னாது, முளைச்சு வர்ற கன்னையும் தின்னும். தீக்கு அப்புறம் புல்வெளி மழையில மறுபடி எழுந்திடும். பக்கத்துப் பள்ளத்துல இருக்கிற சோலைக்காடு அப்படி இல்ல. அது தீயைத் தாங்காது.

அதனால 'மக்களை வெளிய அனுப்பு'ங்கிறதும் தீர்வில்ல, 'எல்லாத்தையும் திறந்து விடு'ங்கிறதும் தீர்வில்ல.

இதுக்குப் பக்கத்துலயே ஒரு பாடம் இருக்கு. கர்நாடகாவுல பிலிகிரிரங்கன் மலை, சத்தியமங்கலம் காட்டுக்கு அடுத்தது. அங்க சோளிகர் பழங்குடிகள் வெயில் முத்துறதுக்கு முன்னாடியே தரையில கிடக்கிற சருகைச் சின்னத் தீயா எரிச்சுடுவாங்க. 'தரகு பெங்கி'ன்னு பேரு, சருகுத் தீன்னு அர்த்தம். சீக்கிரம் எரியும், தாழ எரியும், பெரிய மரத்தைத் தொடாது. 1974-ல அது சரணாலயமாச்சு, அந்தப் பழக்கம் நின்னுச்சு. அதுக்கப்புறம்தான் உண்ணிச்செடி காடெல்லாம் அடைச்சுதுன்னு சோளிகர்கள் சொல்றாங்க. அவங்களோட சேர்ந்து வேலை செஞ்ச ஆய்வாளர்களும் இதை எழுதியிருக்காங்க. உண்ணிச்செடி காஞ்சா என்ன ஆகும்? தரையில போற தீ அதுமேல ஏறி மரத்துக்குப் போகும்.

அமெரிக்காவுல 1935-ல இருந்து ஒரு விதி இருந்துச்சு: எந்தக் காட்டுத் தீயையும் மறுநாள் காலை 10 மணிக்குள்ள அடக்கிடணும். கேக்க நல்லாதான் இருக்கு. ஆனா சின்னத் தீயை எல்லாம் அணைச்சுகிட்டே வந்தா, எரிய வேண்டியது எல்லாம் சேர்ந்துகிட்டே போகும். நம்ம பாஷையில சொன்னா டெக்னிக்கல் டெப்ட். இன்னைக்கு ஒதுக்கி வச்ச பக் எல்லாம் ஒரே நாள்ல புரொடக்‌ஷன்ல வெடிக்கும். பின்னாடி அந்த விதியை அவங்களே கைவிட்டாங்க.

இப்போ என் தலையில நானே கொட்டிக்கிட்ட கதை. போடியில இருந்து திரும்பி வந்ததும், இன்ஜினியர் இல்லையா, ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். (சிரிப்பு) நாசா இலவசமா தர்ற செயற்கைக்கோள் தீத்தகவலை எடுத்து, தேனி மாவட்டத்துல எங்கயாவது தீ தெரிஞ்சா எங்க குரூப்புக்கு மெசேஜ் வரும். பெருமையா இருந்துச்சு. அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். அதுல ஒரு புள்ளி 375 மீட்டர் சதுரம், கிட்டத்தட்ட 35 ஏக்கர். அதுக்குள்ள தீ எந்த மூலையில இருக்குன்னு தெரியாது. அந்தச் செயற்கைக்கோள்கள் கடந்து போறது முக்கியமா மதியமும் நடுராத்திரியும். படம் எடுத்து, கணக்குப் போட்டு நம்ம கைக்கு வர மூணு மணி நேரம் வரைக்கும் ஆகலாம். இந்திய வன ஆய்வு நிறுவனமும் இதே மாதிரி தகவலைத்தான் வனத்துறைக்கு அனுப்புது. ரொம்பப் பயனுள்ள விஷயம், குறை சொல்லல. ஆனா மூணு மணி நேரத்துல காஞ்ச சரிவுல தீ எவ்வளவு தூரம் ஏறும்னு குரங்கணிக்கு அப்புறம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

எதிர் மேட்டுல மாட்டோட நிக்கிற ஆளு புகையை அஞ்சு நிமிஷத்துல பாத்துடுவாரு. கேள்வி ஒண்ணுதான்: பாத்ததும் ரேஞ்சருக்கு போன் பண்ணுவாரா, இல்ல 'நம்மளையே பிடிச்சு உள்ள வச்சிடுவாங்க'ன்னு பயந்து இறங்கிடுவாரா? காட்டோட பாதுகாப்பு அந்த ஒரு போன் காலைப் பொறுத்து இருக்கு. அந்த நம்பிக்கையை என் ஸ்கிரிப்டால உண்டாக்க முடியாது.

முடியுமான்னு சந்தேகமா இருக்கா? நான் இப்ப உக்காந்திருக்கிற ஊர்ல இருந்து திருப்பத்தூர் போய், மதுரை ரோட்டைப் பிடிங்க. கொள்ளுகுடிபட்டி, வேட்டங்குடிபட்டி. 1977-ல அறிவிச்ச வேட்டங்குடி பறவைகள் சரணாலயம், வெறும் 38 ஹெக்டேர் சொச்சம். பறவைங்க மிரளக் கூடாதுன்னு அந்த ஊர்க்காரங்க பல வருஷமா தீபாவளிக்கு வெடி வெடிக்கிறதில்ல. சின்னப் பிள்ளைங்க உட்பட! எத்தனை காவலாளி போட்டா தீபாவளி அன்னைக்கு ஒரு ஊரையே வெடி இல்லாம வைக்க முடியும்? அங்க பறவை வர்றதும் வராததும் ஊரோட மானப் பிரச்சினை. அந்தப் பாதுகாப்புக்கு வேலி ஊர்தான்.

குளமும் மலையும் ஒண்ணில்லைன்னு தெரியும். வெடியை விடுறது வேற, மேய்ச்சலை விடுறது வேற. ஆனா ஊரைச் சேர்த்துகிட்டா என்ன நடக்கும்னு அங்க பாக்கலாம்.

அதனால நாங்க மனுவைத் திருத்தினோம். பாதுகாப்பு வேணும்ங்கிற கோரிக்கை அப்படியே இருக்கு, அதுல ஒரு எழுத்துகூடக் குறைக்கல. அதோட தீயைப் பத்தி ஒரு பக்கம் சேர்த்தோம். தீத்தடுப்புக் கோடுகளை வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே, மலையடிவார ஊர்களைச் சுத்தி முதல்ல போடணும். தீத்தடுப்புக் காவலர் வேலைக்கு அந்தந்த ஊர் ஆளுங்களை எடுக்கணும், கூலியை அந்தந்த மாசமே கொடுக்கணும். எங்க மேய்க்கலாம், எங்க கூடாதுங்கிறதை 2006 வன உரிமைச் சட்டப்படி கிராம சபையில உக்காந்து பேசணும். அந்தச் சட்டம் உரிமையை மட்டும் தரல, காட்டைக் காக்கிற பொறுப்பையும் கிராம சபை கையில கொடுக்குது.

போன மாசம் மறுபடி அதே டீக்கடை. பெரியவர் படிச்சாரு. கூலிங்கிற இடத்துல விரலை வச்சு, "இதை யாரு கேட்டு வாங்கித் தர்றது?"ன்னாரு. எனக்கு உடனே பதில் வரல. இந்தத் தடவை ஸ்லைடையும் திறக்கல. அவர் இன்னும் கையெழுத்துப் போடல. ஆனா மனுவைத் திருப்பிக் கொடுக்கல, மடிச்சுச் சட்டைப்பையில வச்சுகிட்டாரு.

கடைசியா மலையேறுற நண்பர்களுக்கு ஒண்ணு. தீக்காலத்துல வனத்துறை பாதையை மூடினா, "எனக்கு ஒரு குறுக்கு வழி தெரியும்"னு சொல்ற ஆளோட போகாதீங்க. மலை எங்கயும் போயிடாது. மழை பெஞ்சதும் போகலாம்.

உங்க ஊர்ப் பக்கம் காடு, தீ, மேய்ச்சல்னு இந்த மாதிரி இழுபறி இருந்தா எழுதி அனுப்புங்க. நான் சொன்னதுல தப்பு இருந்தாலும் எழுதுங்க, அடுத்த எபிசோடுல வாசிக்கிறேன். அப்பத்தா சாப்பிடக் கூப்பிடுறாங்க. வர்றேன் மக்களே.