கைத்தொலைபேசியும் காப்புப் பிரதியும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஏடு காத்த மரபிலே வந்தவர்கள் நாம். ஓலைக்கு ஆயுள் குறைவு என்பதையும், கறையானும் ஈரமும் அதற்குப் பகை என்பதையும் நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். ஆகவே பழைய ஏடு சிதையுமுன் அதனைப் பார்த்துப் புதிய ஏடு எழுதிக்கொண்டனர். ஒரு நூல் ஒரு வீட்டில் மாத்திரம் இருந்தால் அவ்வீட்டுக் கூரையோடு அதுவும் எரியும்; நான்கு வீடுகளில் இருந்தால் ஒன்றாயினும் பிழைக்கும். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 ஆம் ஆண்டிலே கலித்தொகையை அச்சேற்றினார்கள். அவர்களுடைய உழைப்பு பெரிது. ஆயினும், பெயர் தெரியாத யாரோ சிலர் அதற்கு முன்னரே அந்நூலைப் படியெடுத்து வைத்திராவிட்டால் அவ்வுழைப்புக்கு இடமே இருந்திராது.

இன்றோ நாம் ஒவ்வொருவரும் ஓர் ஏட்டுப் பெட்டியைச் சட்டைப் பையிலே சுமந்து திரிகின்றோம். கைத்தொலைபேசியைத்தான் சொல்கின்றோம். அதற்குள்ளே என்ன இல்லை? பிள்ளை முதன்முதல் நடந்த காட்சி, கனடாவிலிருந்து மாமா அனுப்பிய கடிதங்கள், காணி உறுதியின் படம், பாடக் குறிப்புகள், ஊரார் அனைவரினதும் இலக்கங்கள், காலஞ்சென்ற அப்பாவின் குரல் யாவும் அதனுள் அடங்கும். இவற்றுக்கு வேறிடத்திற் படி உண்டா என்று கேட்டால், நம்மிற் பலர் விடை கூற இயலாது விழிப்போம். ஆதலால் இரண்டு வினாக்களை இன்று ஆராய்வோம். இவற்றுக்குப் படியெடுக்கத்தான் வேண்டுமா? வேண்டுமாயின் எவ்வாறு எடுப்பது?

முதல் வினாவை முதலிற் பார்ப்போம். கைத்தொலைபேசி கிணற்றிலே விழும், பேருந்திலே தவறும், திருடன் கையிற் சேரும், இவையொன்றும் நேராவிடினும் சில ஆண்டுகளில் மூப்படைந்து ஒருநாள் விழிக்க மறுக்கும். "திருத்துபவரிடம் கொடுத்தால் உள்ளே இருப்பதை எடுத்துத் தருவார்" என்று எண்ணுவோர் உளர். இக்காலக் கைத்தொலைபேசிகள் தம்முள் இருப்பவற்றை மறைகுறியாக்கியே வைக்கின்றன. திறக்கும் எண் தெரியாவிடினும், உள்ளிருக்கும் பலகை கெட்டாலும், கெட்டிக்காரத் தொழிலாளியும் கையை விரிக்கவே நேரும். கள்வனைத் தடுக்கும் பூட்டு சொந்தக்காரனையும் தடுக்கும் என்பதை மறத்தலாகாது.

அங்ஙனமாயின் உள்ளதெல்லாவற்றுக்கும் படி வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே எமது கருத்து. ஓய்வான ஒரு மாலைப்பொழுதில் உட்கார்ந்து, கைத்தொலைபேசியில் உள்ளவற்றை மூன்று குவியல்களாகப் பிரித்துப் பாருங்கள். முதற் குவியல், போனாலும் எங்கும் கிடைப்பன: திரைப்படங்கள், பாடல்கள், செயலிகள், காலைதோறும் வந்து குவியும் வாழ்த்துப் படங்கள். இவை போனாற் போகட்டும். இரண்டாங் குவியல், போனால் அலைந்து மீட்கக்கூடியன: தொலைபேசி இலக்கங்கள், பாடக் குறிப்புகள், சான்றிதழ்களின் படங்கள். இவற்றுக்கு ஒரு படி இருத்தல் நன்று. மூன்றாங் குவியல், போனால் எப்பொருள் கொடுத்தும் மீளப் பெற இயலாதன: இறந்தவர் குரல், குழந்தையின் மழலை, நம் கையாலெடுத்த படங்கள், நாமே எழுதியவை. இக்குவியல் பெரும்பாலும் மூன்றினுள்ளும் சிறியது. ஆயினும் நாம் அழப்போவது இதற்காகவே. படியெடுக்கும் முயற்சி முழுவதும் இதிலிருந்து தொடங்குக.

படியெடாது விடுவதே முறையாகும் பொருள்களும் உண்டு. பிறர் நம்மை நம்பிச் சொன்ன இரகசியம், வங்கி இரகசிய எண்ணைக் குறித்த படம், தம் படம் பரவுவதை விரும்பாதவரின் படம் ஆகியவற்றுக்குப் படி கூடுந்தோறும் ஆபத்தும் கூடும். இன்னது வேண்டும், இன்னது வேண்டாம் என்று ஆராய்ந்து ஒருவன் விடுவானாயின் அதனைக் குறை கூறுதல் தகாது. ஆராயாமல் விட்டுப் பின்னர் வருந்துவதையே நாம் தடுக்க விரும்புகின்றோம்.

இனி, எவ்வாறு என்பதைக் காண்போம். வழிகள் இரண்டு. இணையத்திலே பிறர் காவலில் வைத்தல் ஒன்று. நம் கையாலே வேறொரு கருவியில் வைத்தல் மற்றொன்று.

இணைய வழி இலகுவானது. அன்ட்ரொயிட் கைத்தொலைபேசி உடையோர்க்குக் கூகிள் நிறுவனம் 15 ஜிபி இடத்தை இலவசமாக அளிக்கின்றது. மின்னஞ்சலும் படங்களும் பிற கோப்புகளும் அந்த 15 ஜிபிக்குள்ளேயே அடங்க வேண்டும். முன்னர் சற்றே தரங்குறைத்த படங்களைக் கணக்கின்றி வைக்கலாமென இருந்த சலுகை 2021 யூன் 1 ஆம் திகதியோடு முடிந்தது. அப்பிள் நிறுவனம் ஐபோன்காரருக்கு இலவசமாகத் தருவது 5 ஜிபி மாத்திரமே. இவ்விடம் நிரம்பியதும் படியெடுத்தல் நின்றுவிடும். அறிவிப்பு வரும், நாமோ அதனை விரலால் ஒதுக்கித் தள்ளுவோம். பின்பு படங்கள் பத்திரமாக இருக்கின்றன என்ற நம்பிக்கை மாத்திரம் எஞ்சி நிற்கும். ஆகவே, அமைப்புகளிற் சென்று இறுதியாகப் படியெடுத்த திகதி யாது என்று மாதமொருமுறை பார்த்தல் வேண்டும்.

நம் ஊர்களில் இன்னுமோர் இடையூறு உண்டு. பெரும்பாலும் இவ்வேலை வைஃபை இணைப்பு உள்ளபோதே தானாக நடக்குமாறு அமைந்திருக்கும். வீட்டில் வைஃபை இன்றி டேற்றா அட்டையை மாத்திரம் நம்பியிருப்போருக்கு அது நடவாமலே போகலாம். இத்தகையோர் வைஃபை உள்ள உறவினர் வீட்டிலோ அலுவலகத்திலோ மாதத்தில் ஓரிரு மணி நேரம் இணைத்து வைத்தல் வேண்டும். அன்றேல் இரண்டாம் வழியை நாட வேண்டும்.

அவ்விரண்டாம் வழிக்குச் செலவு ஒருமுறைதான். கைத்தொலைபேசியைக் கம்பியாற் கணினியோடு இணைத்து, படங்கள் உள்ள கோப்புறையை முழுவதுமாகப் பிரதி செய்து வன்தட்டில் இடலாம். கணினி இல்லாதோர் கைத்தொலைபேசியிலேயே நேராகச் செருகத்தக்க பென் டிரைவைப் பயன்படுத்தலாம். ஆனால் பென் டிரைவை அலுமாரியில் வைத்துப் பல்லாண்டுகள் மறந்துவிடக் கூடாது. மின்னூட்டமின்றி நெடுங்காலம் கிடந்தால் அதிலுள்ளவை மங்கக்கூடும். ஓலையைப் போலவே இதனையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதியதற்கு மாற்றியாக வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒத்திசைத்தல் வேறு, படியெடுத்தல் வேறு. "படமெல்லாம் இணையத்தில் இருக்கின்றதே, கைத்தொலைபேசியில் இடம் பிடிப்பானேன்?" என்று எண்ணி ஒருவர் படங்களை அழிப்பாராயின், இணையத்தில் உள்ளதும் கூடவே அழியும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நடப்பதே ஒத்திசைவு. அழித்தவை கூகிளின் குப்பைக் கூடையில் 60 நாட்களும், அப்பிளினதில் 30 நாட்களும் கிடந்து பின் ஒழியும். கைத்தொலைபேசியில் மாத்திரம் இடம் பெறுவதற்குக் கூகிள் படச் செயலியில் தனியாக ஒரு வசதி உண்டு, அதனையே பயன்படுத்துக.

வட்சப், வைபர் உரையாடல்கள் படங்களைப் போலத் தாமாகக் காக்கப்படும் என்று எண்ணுதல் தவறு. அந்தந்தச் செயலியினுள்ளே சென்று காப்புப் பிரதி எடுக்குமாறு நாமே பணித்தல் வேண்டும். வட்சப் பிரதியைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டும் வசதி 2021 இல் வந்தது. நல்ல வசதியே, ஆயின் அச்சொல்லை மறந்தால் அந்நிறுவனமும் திறந்து தர இயலாது. வெளிநாட்டு உறவினர் ஐபோன் ஒன்று கொண்டுவந்து கொடுத்தவுடன், பழைய அன்ட்ரொயிட் கருவியை அழித்துத் தம்பியிடம் கொடுத்துவிடுவது நம் வழக்கம். சற்றுப் பொறுங்கள். கூகிளில் உள்ள வட்சப் பிரதி ஐபோனில் நேரே இறங்காது. இரு கருவிகளையும் அருகருகே வைத்து மாற்றும் முறை தனியே உண்டு. அது முடிந்து, பழைய உரையாடல்களைப் புதியதிற் கண்ட பின்னரே பழையதை அழிக்கலாம்.

எத்தனை பிரதி வேண்டும்? அமெரிக்க நிழற்படக் கலைஞர் பீற்றர் குரோக் என்பவர் பரப்பிய விதியொன்று உலகெங்கும் வழங்குகின்றது. மூலத்தோடு சேர்த்து மூன்று பிரதிகள், இருவகைக் கருவிகள், ஒரு பிரதி வேறிடத்தில் என்பதே அது. நமக்கு இஃது அரிதன்று. கைத்தொலைபேசியில் உள்ளது ஒன்று. வீட்டு வன்தட்டில் உள்ளது இரண்டு. இணையத்திலோ வேறூரில் வாழும் அக்கா வீட்டிலோ உள்ளது மூன்று.

வேறிடம் ஏன் என்று வினவுவோர்க்கு நம் நாட்டு வரலாறே விடை கூறும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறிடத்திற் படியுள்ள நூல்களை மீளச் சேர்க்க முடிந்தது. படியில்லாச் சுவடிகள் போனவை போனவையே. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவிற் காக்கும் "நூலகம்" என்னும் இணைய முயற்சி 2005 இல் தொடங்கியது. இன்று உலகின் எம்மூலையிலிருந்தும் அவற்றைப் படிக்கலாம். அண்மைக் காலத்திலும் ஒரு பாடம் கிடைத்தது. 2023 ஆகஸ்டு மாதத்தில், இலங்கை அரசாங்க அலுவலகங்களின் மின்னஞ்சல்கள் இருந்த கணினித் தொகுதியைக் கப்பம் கோரும் நச்சு மென்பொருள் ஒன்று தாக்கிற்று. அதனோடு இணைந்திருந்த காப்புப் பிரதியும் உடன் கெட்டமையால், மே 17 தொடக்கம் ஆகஸ்டு 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. மூலத்தோடு பிணைந்து கிடக்கும் பிரதி மூலத்தோடே மாளும். ஆகவே வன்தட்டை வேலை முடிந்ததும் கழற்றி வைத்தல் வேண்டும்.

பிரதி எடுத்ததோடு கடமை முடியவில்லை. அதனைத் திறந்து பார்த்தல் வேண்டும். வேறொரு கருவியிற் செருகி, பழைய படம் ஒன்று, புதிய படம் ஒன்று, ஒலிப்பதிவு ஒன்று எனத் திறந்து பாருங்கள். திறந்தால் அது பிரதி. திறவாவிடின் பிரதியென்று பெயர் தாங்கிய வெறுந்தட்டு. அவ்வாறே இணையக் கணக்கின் கடவுச்சொல்லையும் காகிதத்தில் எழுதிக் காணி உறுதியோடு வைத்தல் நன்று. கணக்கை மீட்கும் குறியீடு பெரும்பாலும் தொலைபேசி இலக்கத்துக்கே வருமாதலால் அவ்விலக்கத்தையும் கைவிடலாகாது. இரண்டாண்டு காலம் எவரும் புகாத கணக்கைக் கூகிள் நீக்கிவிடவும் கூடும்.

இளைஞர்களே! இறுதியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கைத்தொலைபேசியை நீங்கள் காத்துக்கொள்வீர்கள். வீட்டிலுள்ள முதியோரின் கைத்தொலைபேசியை யார் காப்பார்? வாங்கிய அன்று கடைக்காரரே ஒரு கணக்கைத் தொடங்கிக் கொடுத்திருப்பார். அதன் கடவுச்சொல் அம்மம்மாவுக்கும் தெரியாது, வீட்டாருக்கும் தெரியாது. அவருடைய கைத்தொலைபேசியிலோ, ஊரின் பழங்கதை கூறும் குரலும், உங்கள் தாயாரின் இளமைப் படத்தைப் பார்த்தெடுத்த படமும் இருக்கும். அவரருகே ஒரு மணி நேரம் அமருங்கள். முதலில் அவர் அனுமதியைக் கேளுங்கள். எதைக் காக்க வேண்டும், எதைத் திறக்கவே கூடாது என்பதை அவரே சொல்லட்டும். பிறர் பெட்டியைத் துழாவுவது தொண்டாகாது.

நம் மக்களிடையே வீட்டோடு படத்தொகுப்பையும் விட்டு ஓடியவர்கள் எத்தனை பேர்! 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கியபோது, உறவினரோடு அவர்களின் படங்களையும் இழந்த குடும்பங்கள் எத்தனை! தாயின் முகத்தைக் காட்டப் படமொன்றும் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள் நம்மிடையே இன்றும் வாழ்கின்றார்கள். அவர்கள் இழந்தது படியெடுக்க வசதியில்லாத காலத்தில். நமக்கோ வசதி கையிலேயே இருக்கின்றது. வேண்டியது ஒரு மாலைப்பொழுதும் சிறிது மனமுமே.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்குவோம். இன்று வீடு சென்றதும், மீளப் பெற இயலாத அம்மூன்றாங் குவியலில் ஒரேயொரு பொருளையாவது வேறிடத்திற் பிரதி செய்து, திறந்து பார்த்துவிட்டு உறங்குங்கள். இதுவே இச்சபையோரிடம் நாம் வேண்டுவது.